ரெக்ரூட்டர் ஏன் பதில் போடுவதில்லை?

லிங்க்ட்இன்னில் வேலை தேடுகிறவர்கள் பலர் செய்வது இதுதான். தேடல் பெட்டியில் ‘ஹெச்ஆர் சென்னை’ என்று அடித்து, வருகிற பெயர்கள் அத்தனைக்கும் கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் தட்டிவிடுகிறார்கள். ஒருவர் ஏற்றுக்கொண்ட அடுத்த நிமிடம் ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப், கைண்ட்லி ஹெல்ப்’ என்று ஒரு வரியும் ரெஸ்யூமேயும் போகின்றன. பார்த்ததற்கு அடையாளம் தெரிகிறது, பதில் வருவதில்லை. ஒரு மாதம் இப்படிப் போனதும் ‘உள்ளே ஆள் இருந்தால்தான் வேலை’ என்றோ ‘லிங்க்ட்இன்னே வேஸ்ட்’ என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பதில் வராததற்குத் திமிர்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ரெக்ரூட்டரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஏன் இல்லை என்பது புரிய, அவர் தொழில் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## யார் காசில் நடக்கிறது இந்தத் தொழில்

ரெக்ரூட்டர் உங்களுக்கு வேலை தேடித் தருகிறவர் இல்லை, ஒரு நிறுவனத்துக்கு ஆள் தேடித் தருகிறவர். கல்யாணத் தரகர் இரண்டு வீட்டிலும் கமிஷன் வாங்குவார். இவர் ஒரு வீட்டில்தான் வாங்குகிறார். அந்த வீட்டுக்காரர் சொன்ன பொருத்தம் இருந்தால் மட்டுமே உங்கள் ஜாதகத்தைக் கையில் எடுப்பார். இவர்களில் நான்கு வகை உண்டு.

1. நிறுவனத்துக்குள்ளேயே இருப்பவர். டேலண்ட் அக்விசிஷன் என்பது பதவிப் பெயர், பேச்சில் ‘டிஏ டீம்’. மாதச் சம்பளக்காரர். அவர் கையில் இருப்பவை ‘ரெக்விசிஷன்’கள், அதாவது மேனேஜர் ஆள் கேட்டு, நிதிப் பிரிவும் ஒப்புதல் கொடுத்துவிட்ட காலியிடங்கள். ஒப்புதல் இல்லாத இடத்துக்கு, நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவரால் ஒரு இண்டர்வியூகூட வைக்க முடியாது.

2. கன்சல்டன்சிக்காரர். நிறுவனங்களுக்காக வெளியிலிருந்து ஆள் பிடித்துக் கொடுப்பவர். சேர்ந்தவரின் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு இவருக்குக் கட்டணம். இந்தியாவில் அடிக்கடி காதில் விழும் எண் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளத்தில் ஒருவர் சேர்ந்தால் கன்சல்டன்சிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். ஆனால் ஆள் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தால்தான். சேர்ந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் ஓடிவிட்டால், காசு வாங்காமல் இன்னொருவரைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தங்களில் சாதாரணம்.

3. காண்ட்ராக்ட் ஸ்டாஃபிங்காரர். நீங்கள் வேலை பார்ப்பது ஒரு நிறுவனத்தில், சம்பளச் சீட்டு வருவது இவர் நிறுவனத்திலிருந்து. வாடிக்கையாளர் தருகிற தொகைக்கும் உங்களுக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கும் உள்ள இடைவெளிதான் இவர் வருமானம். அதனால் சம்பளப் பேச்சில் பிடிவாதமாக இருப்பார்.

4. எக்ஸிக்யூட்டிவ் சர்ச். தலைமைப் பதவிகளுக்கு ஆள் தேடுபவர்கள். ஐந்து வருட அனுபவம் உள்ளவர் இவர்களுக்கு எழுதிப் பயனில்லை.

யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறும். உள்ளே இருப்பவரிடம் ‘இந்த ஜாப் ஐடிக்கு’ (காலியிடத்துக்கு நிறுவனம் கொடுத்த எண்) என்று தொடங்கலாம். கன்சல்டன்சிக்காரரிடம் ‘எந்தெந்த ஸ்கில்லுக்கு ஆள் தேடுகிறீர்கள்’ என்று கேட்பது பொருத்தம். புரொஃபைலில் ‘ஹெச்ஆர்’ என்று போட்டிருப்பவர்களில் பலருக்கு ஆள் எடுப்பதில் வேலையே இல்லை. சம்பளப் பட்டியல், பயிற்சி, லீவு கணக்கு பார்ப்பவர்களும் ஹெச்ஆர்தான். அவர்களுக்கு அனுப்பும் செய்தி, ரேஷன் கடையில் பாஸ்போர்ட் கேட்பதைப் போல.

லிங்க்ட்இன் தளத்தின் கட்டுமானமும் இப்படிக் காசு தருபவரை நோக்கித்தான் இருக்கிறது. 2003-இல் தொடங்கிய இந்தத் தளத்தை மைக்ரோசாஃப்ட் 2016-இல் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் லிங்க்ட்இன்னின் மொத்த வருவாய் சுமார் 300 கோடி டாலர்; அதில் 190 கோடிக்குப் பக்கம், ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு விற்ற கருவிகளிலிருந்து வந்தது. இலவசக் கணக்கு வைத்திருக்கும் நாம் கடைக்குள் அடுக்கிவைத்த சரக்கு, சாமான் வாங்க வந்தவர் ரெக்ரூட்டர். கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

## அவர் திரையில் என்ன தெரிகிறது

நாம் பார்க்கும் லிங்க்ட்இன்னும் அவர் பார்க்கும் லிங்க்ட்இன்னும் வேறு வேறு. ‘லிங்க்ட்இன் ரெக்ரூட்டர்’ என்று தனியாக ஒரு கட்டணச் சேவை இருக்கிறது. இடது ஓரத்தில் வடிகட்டிகள்: பதவிப் பெயர், ஸ்கில், ஊர், எத்தனை வருட அனுபவம், இப்போது எந்த நிறுவனம், ‘ஓப்பன் டு வொர்க்’ போட்டிருக்கிறாரா. அவர் ‘ஜாவா’, ‘ஸ்பிரிங் பூட்’, ‘சென்னை’, ‘4 முதல் 7 ஆண்டு’ என்று கொடுக்கிறார். ஆயிரக்கணக்கில் இருந்த பெயர்கள் சில நூறாகச் சுருங்குகின்றன. முதல் சில பக்கங்களைப் பார்ப்பார், அதற்குள் ஆள் கிடைத்தால் மேற்கொண்டு போக மாட்டார்.

நௌக்ரியிலும் இதே கதைதான். 1997-இல் தொடங்கிய இந்திய வேலைவாய்ப்புத் தளம் அது. அதன் ரெஸ்யூமே கிடங்குக்கு ‘ரெஸ்டெக்ஸ்’ என்று பெயர். அதில் நோட்டீஸ் பீரியட் (ராஜினாமாவுக்குப் பிறகு வேலை பார்க்க வேண்டிய காலம்), இப்போதைய சம்பளம், கடைசியாக எப்போது தளத்துக்கு வந்தார் என்றெல்லாம் வடிகட்டலாம். ஒரு வாரத்துக்குள் எட்டிப் பார்த்தவர்கள் மட்டும் வேண்டும் என்று ஒரு ரெக்ரூட்டர் கேட்டால், மூன்று மாதமாகத் திறக்காத உங்கள் கணக்கு அவர் கண்ணிலேயே படாது. ‘தினமும் காலையில் ரெஸ்யூமேயில் ஒரு முற்றுப்புள்ளியை மாற்றிவிட்டு சேவ் பண்ணு’ என்று சீனியர்கள் சொல்லும் யோசனை இங்கிருந்துதான் வந்தது. கேலியாகத் தோன்றினாலும் அதில் விஷயம் இருக்கிறது.

ஆக, யாருக்கும் செய்தி அனுப்புவதற்கு முன்னால் சரி பார்க்க வேண்டியவை சில.

1. ஹெட்லைன். பெயருக்குக் கீழே வரும் அந்த வரிக்கு 220 எழுத்து இடமிருக்கிறது. ‘ஆஸ்பைரிங் புரொஃபஷனல், சீக்கிங் ஆப்பர்ச்சூனிட்டீஸ்’ என்று யாரும் தேடுவதில்லை. ‘டெஸ்ட் இன்ஜினியர், செலினியம், ஜாவா, ஏபிஐ டெஸ்டிங்’ என்று தேடுகிறார்கள்.

2. ஊர். சென்னையில் வேலை வேண்டும், புரொஃபைலிலோ திருநெல்வேலி. ஊர் வடிகட்டியில் விழுந்துவிடுவீர்கள். ‘ஓப்பன் டு வொர்க்’ பகுதியில் விரும்பும் ஊர்களையும், ஐந்து வரை பதவிப் பெயர்களையும் கொடுக்கலாம். 

3. பச்சை வளையம். 2020-இல் வந்த இந்த ‘ஓப்பன் டு வொர்க்’ ஃபோட்டோ வளையம் எல்லோர் கண்ணிலும் படும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வழியும் உண்டு. அப்படி வைத்தால் உங்கள் நிறுவனத்து ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க லிங்க்ட்இன் முயலும். முழு உத்தரவாதம் தருவதில்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. வேலையில் இருந்துகொண்டு தேடுபவர் இதை யோசித்துத்தான் தொட வேண்டும். வேலை போனவருக்கு வளையம் போட வெட்கம் தேவையில்லை.

ஏடிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. விண்ணப்பங்கள் போய்ச் சேரும் மென்பொருளுக்குத்தான் அந்தப் பெயர். ‘ரோபோ நம் ரெஸ்யூமேயைக் கிழித்துப் போட்டுவிடுகிறது’ என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. வழக்கமாக இயந்திரம் தானாகக் கழித்துவிடுவது, விண்ணப்பப் படிவத்திலேயே கேட்ட ஆம், இல்லை கேள்விகளால்தான்: இந்த ஊருக்கு வருவீர்களா, விசா இருக்கிறதா, இத்தனை வருட அனுபவம் உண்டா. அவற்றை அவசரத்தில் தவறாகச் சொடுக்கிவிட்டு ரெஸ்யூமேயின் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

## டிராக்கரின் கட்டங்கள்

கன்சல்டன்சிகளில் ‘டிராக்கர்’ என்று ஓர் எக்செல் ஷீட் இருக்கும். பொருத்தமான ஆள் கிடைத்தால் ரெக்ரூட்டர் அவர் விவரத்தை அதில் ஒரு வரியாக நிரப்பி, ரெஸ்யூமேயோடு நிறுவனத்துக்கு அனுப்புவார். கட்டங்கள் பெரும்பாலும் இவைதான்: பெயர், மொத்த அனுபவம், இந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம், இப்போதைய நிறுவனம், இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட், இப்போதைய ஊர், வர விரும்பும் ஊர், வேலை மாறக் காரணம்.

சிடிசி என்பது ‘காஸ்ட் டு கம்பெனி’. கைக்கு வரும் சம்பளத்தோடு நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, மாறுபடும் ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு. நோட்டீஸ் பீரியட் என்பது ராஜினாமா கொடுத்த பிறகு வேலை பார்த்தே ஆக வேண்டிய காலம். இந்திய ஐடி நிறுவனங்களில் 60, 90 நாள் என்று நீளும்.

அந்தப் பத்துக் கட்டங்களிலும் ரெக்ரூட்டர் முதலில் பார்ப்பது நோட்டீஸ் பீரியட். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ‘நோட்டீஸ் எவ்வளவு?’ என்று கேட்டால் பலருக்குச் சுள்ளென்று இருக்கும். அதன் பின்னால் இருக்கும் கணக்கு இது. 90 நாள் நோட்டீஸில் இருப்பவர் ஒரு ஆஃபரை வாங்கி வைத்துக்கொண்டு, மீதி நாட்களில் இன்னும் இரண்டு ஆஃபர் தேடுவார். கடைசி வாரத்தில் அதிகம் தருகிறவரிடம் போய்விடுவார். தொழில் மொழியில் இதற்கு ‘டிராப் அவுட்’. கன்சல்டன்சிக்குக் காசு வருவது ஆள் சேர்ந்த பிறகு என்று பார்த்தோம் அல்லவா? மூன்று மாத உழைப்பு அந்த ஒரு நாளில் பூஜ்யமாகிவிடும். ‘இம்மீடியட் ஜாய்னர்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு மவுசு ஏன் என்பதும் இதிலேயே விளங்கும்.

இனி அந்த ஒரு வரிச் செய்தியைத் திரும்பிப் பாருங்கள். ‘வேலை தேடுகிறேன், உதவுங்கள்.’ பத்துக் கட்டத்தில் ஒன்றுகூட நிரம்பவில்லை. நிரப்ப வேண்டுமென்றால் அவர் ரெஸ்யூமேயைத் திறந்து, படித்து, திருப்பி ஏழெட்டுக் கேள்வி கேட்க வேண்டும். அதே நேரத்தில் அவருடைய இன்பாக்ஸில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பித் தந்த இன்னொருவர் காத்திருக்கிறார்.

## செய்தியை எழுதும் விதம்

இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அனுப்பும்போது ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், உள்ளடக்கம் மட்டும் இங்கே தமிழில்.

முதலாவது:

‘மதிப்பிற்குரிய ஐயா, நான் ஐந்து வருட அனுபவம் உள்ள, கடினமாக உழைக்கக்கூடிய, எதையும் விரைவில் கற்றுக்கொள்ளும் ஆர்வமுள்ளவன். உங்கள் பெருமைக்குரிய நிறுவனத்தில் என் தகுதிக்கு ஏற்ற வாய்ப்பு இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.’

இரண்டாவது:

‘வணக்கம். நீங்கள் செவ்வாய்க்கிழமை போட்ட சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் இடம் (ஜாப் ஐடி 4471) குறித்து எழுதுகிறேன். மொத்தம் 5 ஆண்டு டெஸ்டிங். அதில் செலினியம், ஜாவா 3 ஆண்டு, ஏபிஐ டெஸ்டிங் 2 ஆண்டு, பேங்கிங் டொமைன். இப்போது கோவை, சென்னைக்கு வரத் தயார். நோட்டீஸ் 60 நாளில் 22 முடிந்துவிட்டது. உங்கள் தளத்தில் நேற்று விண்ணப்பித்தேன். இந்த இடத்தை நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்றால், ஐந்து நிமிடம் அழைத்துப் பேசலாமா?’

முதலாவதில் மரியாதை கூடுதல். தகவல் என்று பார்த்தால் ‘ஐந்து வருட அனுபவம்’ ஒன்றுதான். ‘கடின உழைப்பாளி’ என்று டிராக்கரில் கட்டம் இல்லை. ‘என் தகுதிக்கு ஏற்ற’ என்று எழுதும்போது, அந்தத் தகுதி எது, அது எந்தக் காலியிடத்துக்கு ஒத்துவரும் என்று கண்டுபிடிக்கும் வேலையை அவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

இரண்டாவதில் என்னென்ன நடக்கிறது?

1. ஜாப் ஐடி முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. மொபைலில் அறிவிப்பாகத் தெரியும் அந்த முதல் வரியை வைத்தே திறப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

2. மொத்த அனுபவமும் பொருந்தும் அனுபவமும் பிரித்துச் சொல்லப்படுகின்றன. இரண்டும் வேறு வேறு கட்டங்கள். பத்து வருட அனுபவத்தில் கேட்ட ஸ்கில் ஒரு வருடம்தான் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். இண்டர்வியூவில் முதல் பத்து நிமிடத்தில் எப்படியும் தெரிந்துவிடும்.

3. ‘22 நாள் முடிந்துவிட்டது’ என்ற துணுக்கு. இன்னும் 38 நாள்தான். 60 என்று மட்டும் சொல்லியிருந்தால் 30 நாளுக்குள் ஆள் கேட்கும் இடத்தில் யோசிக்காமல் ஒதுக்கியிருப்பார்; 38 என்றால் மேனேஜரிடம் பேசிப் பார்க்கலாம்.

4. ஏற்கெனவே விண்ணப்பித்தாகிவிட்டது. உள்ளே இருக்கும் ரெக்ரூட்டர் ஏடிஎஸ்ஸில் பெயரைத் தட்டினால் வந்துவிடும். விண்ணப்பிக்காமல் செய்தி மட்டும் அனுப்பினால், பாதிப் பேர் ‘போர்ட்டலில் அப்ளை பண்ணுங்க’ என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

5. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியது. இடம் அவருடையது இல்லையென்றால் ‘இதை இன்னார் பார்க்கிறார்’ என்று பெயரைச் சொல்லிவிட்டுப் போகவும் வழி இருக்கிறது.

கனெக்‌ஷன் ரிக்வெஸ்டோடு அனுப்பும் குறிப்பில் இவ்வளவுக்கு இடம் இல்லை. இலவசக் கணக்கில் 200 எழுத்து, கட்டணக் கணக்கில் 300. இலவசக் கணக்குக்கு மாதத்துக்குச் சில குறிப்புகள்தான் அனுமதி. ‘ஜாப் ஐடி 4471. செலினியம், ஜாவா 3 ஆண்டு, மொத்தம் 5. சென்னை. 38 நாளில் சேர முடியும்’ என்பது ஆங்கிலத்திலும் அதற்குள் அடங்கும். அந்தச் சில குறிப்புகளை யாருக்குச் செலவு செய்வது? வேலை விளம்பரத்தின் கீழேயே பல நேரம் ‘ஹயரிங் டீம்’ என்று போட்டவரின் பெயர் இருக்கும். முதலில் அவருக்கு.

இன்மெயில் என்பது கனெக்‌ஷன் இல்லாதவருக்கும் அனுப்பக்கூடிய கட்டணச் செய்தி. பிரீமியம் கேரியர் கணக்கில் மாதத்துக்கு ஐந்து. 90 நாளுக்குள் பதில் வந்தால் அந்த ஒன்று திரும்பக் கிடைக்கும். இதற்காகவே மாதாமாதம் காசு கட்டுவது என் கணக்கில் தேவையில்லாதது. சரியான ஆளைக் கண்டுபிடித்து, குறிப்போடு ரிக்வெஸ்ட் அனுப்பினாலே அந்த வேலை பெரும்பாலும் நடந்துவிடும்.

நினைவூட்டல்: ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, அதற்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. அப்புறம் விட்டுவிட வேண்டும். ‘சார் எனி அப்டேட்?’ என்று தினம் ஒன்று அனுப்பினால் மியூட்தான். நினைவூட்டலில் புதிதாக ஏதாவது இருந்தால் நல்லது: ‘நோட்டீஸில் இன்னும் 20 நாள்தான்’ என்பது புதுத் தகவல்.

புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு இந்த முறை அவ்வளவாகக் கைகொடுக்காது. அவர்களை நிறுவனங்கள் ஒவ்வொருவராகத் தேடுவதில்லை. கல்லூரி வளாகத்திலும் முகாம்களிலும் மொத்தமாக எடுக்கின்றன. தமிழ்நாட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களும், 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வாசல்கள்.

## சம்பளக் கேள்வி

‘கரண்ட் சிடிசி எவ்வளவு?’ என்று கேட்பது முறையா? கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து, விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதே சட்டப்படி தவறு. வேறு சில அமெரிக்க மாநிலங்களும் அதே வழியில் போயிருக்கின்றன. குறைந்த சம்பளத்தில் தொடங்கியவரை அந்த எண் வாழ்நாள் முழுக்கத் துரத்துகிறது என்பதுதான் காரணம். இந்தியாவில் அப்படித் தடை இல்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பது இங்கே வழக்கம், பின்னணிச் சரிபார்ப்பும் நடக்கும். அதனால் கூட்டிச் சொல்வது ஆபத்து. ஆஃபர் வந்த பிறகும் கையை விட்டுப் போகலாம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் செய்தியில் சம்பளத்தை எழுதாமல் விடலாம். தொலைபேசியில் கேட்டால், ‘இந்த இடத்துக்கு ஒதுக்கிய பட்ஜெட் என்ன ரேஞ்ச்?’ என்று முதலில் கேட்கலாம். கன்சல்டன்சிக்காரர் பல நேரம் சொல்லிவிடுவார், உங்கள் சம்பளம் கூடினால் அவர் கட்டணமும் கூடும். ஸ்டாஃபிங்காரர் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார். காரணம் மேலேயே பார்த்தோம்.

## ஒரே ரெஸ்யூமே இரண்டு வழியில் போனால்

வேலை தேடுபவர்களுக்குத் தெரியாமலேயே நடக்கும் விபத்து இது. ஒரு நிறுவனம் ஒரே இடத்துக்கு நான்கு கன்சல்டன்சிகளிடம் ஆள் கேட்கும். நான்கு பேரும் உங்களைக் கூப்பிடுவார்கள். ‘பெரிய எம்என்சி’ என்பார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். நீங்கள் நால்வருக்கும் தலையாட்டுவீர்கள். நிறுவனத்து ஏடிஎஸ்ஸில் உங்கள் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இரண்டாம் முறை வந்ததும் ‘டூப்ளிகேட்’ என்று சிவப்பு காட்டும். முதலில் அனுப்பியவருக்கே கட்டணம் என்பது பொது விதி. தகராறு வரும்போலிருந்தால், கட்டணச் சண்டையே வேண்டாம் என்று நிறுவனம் உங்களையே விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கும். நீங்களே போர்ட்டலில் விண்ணப்பித்திருந்தாலும் இதே சிக்கல் வரலாம்.

தடுக்க எளிய வழி: நிறுவனத்தின் பெயரும் பதவியும் தெரியாமல் ‘அனுப்புங்கள்’ என்று சொல்லாதீர்கள். யார் வழியாக, எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேதியில் போனது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களிடம் ‘ரைட் டு ரெப்ரசென்ட்’ என்று மின்னஞ்சலில் சம்மதம் கேட்பதும் இதற்காகத்தான். அந்த மெயிலுக்கு ‘கன்ஃபர்ம்டு’ என்று பதில் போட்டால், அந்த இடத்துக்கு வேறு யாரும் உங்களை அனுப்ப முடியாது.

## நன்றாகப் பேசிவிட்டு மௌனமாகிவிட்டால்

1. இடமே நின்று போயிருக்கும். ‘ஹோல்டு’ என்பார்கள். பட்ஜெட் வெட்டு, வாடிக்கையாளர் பின்வாங்கல், மேனேஜர் மாற்றம். ரெக்ரூட்டருக்கே ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்பதற்கு மேல் தெரியாது.

2. நீங்கள் இரண்டாவது ஆள். முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கிறது, அவர் சேரும்வரை உங்களை வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை. டிராப் அவுட் அதிகமான சந்தையில் இந்த இரண்டாவது இடத்துக்கு மதிப்பு உண்டு. ஒன்றரை மாதம் கழித்துத் திடீரென்று அழைப்பு வருவதன் ரகசியம் இதுதான்.

3. வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, அதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ‘இல்லை’ என்று சொல்வதற்கு எந்த ரெக்ரூட்டருக்கும் இன்சென்டிவ் கிடையாது. காரணம் புரிந்தாலும் இதை நியாயப்படுத்த முடியாது. மூன்று சுற்று இண்டர்வியூ வைத்துவிட்டு இரண்டு வரி மெயில் போடாதது மரியாதைக் குறைவுதான்.

எந்தக் காரணமாக இருந்தாலும் உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது மாறுவதில்லை. அதை நம்பி மற்ற தேடல்களை நிறுத்தக் கூடாது.

## ரெக்ரூட்டர் மட்டும்தான் வழியா

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவில் பாஸ்டன் புறநகர் ஒன்றில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடு. எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் தெரிந்திருக்கும்; எட்ட இருப்பவருக்குத்தான் நாம் அறியாதது தெரியும் என்பது அவர் விளக்கம்.

2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்தது. ‘இவரைத் தெரியுமா’ என்று தளம் காட்டும் பரிந்துரைகளை மாற்றி மாற்றிக் காட்டி, ஐந்து ஆண்டுகளில் 2 கோடிப் பேருக்கு என்ன நடந்தது என்று பார்த்தார்கள். நெருக்கமும் இல்லாமல் முற்றிலும் அந்நியமும் இல்லாமல் நடுவில் இருக்கும் தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின. மிக நெருங்கியவர்கள் வழியாகக் கிடைத்த பலன் மிகக் குறைவு.

நடைமுறையில் இது யார்? முந்தைய கம்பெனியில் பக்கத்து டீமில் இருந்து இப்போது வேறிடம் போனவர். கல்லூரியில் இரண்டு வருட சீனியர். ரெக்ரூட்டருக்கு முன்பின் தெரியாத நூறு பேர் எழுதுகிறார்கள். இவருக்கு நீங்கள் மட்டும்தான். இவர் ‘எம்ப்ளாயி ரெஃபரல்’ போட்டால் பல நிறுவனங்களில் அவருக்கே ஒரு தொகை கிடைக்கும், அதனால் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. ‘அண்ணா, எனக்கு ஏதாவது பாருங்க’ என்று விட்டுவிடாமல் இங்கேயும் ஜாப் ஐடியைக் கொடுத்தால், அவர் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். அப்படிப் போன ரெஸ்யூமேயைப் பற்றி நீங்கள் ரெக்ரூட்டருக்கு எழுதும்போது, ‘இன்னார் ரெஃபர் செய்திருக்கிறார்’ என்று முதல் வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

## காசு கேட்பவர்

ரெக்ரூட்டருக்குக் காசு தருவது நிறுவனம். இந்த அடிப்படை மனதில் இருந்தால் மோசடியில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடலாம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், ஆஃபர் லெட்டர் ‘ரிலீஸ்’ செய்யப் பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அவர் ரெக்ரூட்டர் இல்லை.

வெளிநாட்டு வேலையில் ஒரு விதிவிலக்கு உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்த முகவர்கள் சேவைக் கட்டணம் வாங்கலாம்; உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்’ வேலை என்று சமூக ஊடக விளம்பரங்களில் ஐடி படித்த இளைஞர்களைப் பிடித்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்தார்கள். அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டவர்களும் இருந்தார்கள்.

சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியவை:

1. லிங்க்ட்இன் புரொஃபைலில் ‘இந்த புரொஃபைல் பற்றி’ என்ற பகுதி. கணக்கு எந்த மாதம் தொடங்கியது என்று அதில் இருக்கும். பதினைந்து வருட ரெக்ரூட்டர் என்று சொல்பவரின் கணக்கு போன மாதம் பிறந்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2. மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, ஜிமெயிலா. ஓர் எழுத்து மட்டும் மாற்றிய போலி முகவரிகளும் வரும். எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

3. இண்டர்வியூவே இல்லாமல் ஆஃபர் வந்தால், அல்லது பேச்சை டெலிகிராமுக்கு மாற்றச் சொன்னால்.

4. அதே காலியிடம் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா. இல்லையென்றால் அந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கே அழைத்துக் கேட்கலாம், ரெக்ரூட்டர் கொடுத்த எண்ணுக்கு வேண்டாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். அது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி இருக்கும். அழைக்கும்போது பணம் அனுப்பிய நேரமும் பரிவர்த்தனை எண்ணும் கையில் இருக்கட்டும்.